வாழ்த்துப் பேனரில் ரோஸ்வியின் அளவு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்கப் போன கடையில், வரிசையில் நின்றபடி ஒட்டுக்கேட்டது. மிச்சத்தைக் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு வாங்கினேன். ஒட்டுக்கேட்டதைக் கதை என்று சொல்லிக்கொள்ள இலக்கியத்தில் அனுமதி உண்டு. பக்கத்து வீட்டில் கிடையாது.

முதல் வரிகள்:

"அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது, தூரத்து ரயில்—" (பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் பனியா? ரயிலா? நான் படிக்கும் நாவல்களில் எப்போதும் இரண்டும் இருக்கும். அடித்துவிட்டேன்.)

"கிளோரிபெல்லின் விரல்கள் மௌஸின் மேல் ஒரு—" (ஒரு என்ன? உவமை வரவில்லை. விடுங்கள்.)

"கபிதானின் முகம் எட்டடி உயரம்."

இது உண்மை. இதிலிருந்து தொடங்கலாம்.

2

கபிதானின் முகம் எட்டடி உயரம். பேனரில்தான். கபிதான் எஃப்ரேன் எங்கள் பேட்டைத் தலைவர். ஊருக்கு அவர் 'கப்'. தேர்தல் வருகிறது. பிரசாரம் தொடங்குமுன் தன் முகத்தைத் தானே கட்டித் தொங்கவிட்டால் கேள்வி வரும். பிறரை வாழ்த்தினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆகவே எங்கள் பேட்டையில் யாராவது எதிலாவது தேறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தமுறை தேறியவள் ரோஸ்வி பபலினாஸ். நர்ஸ் உரிமத் தேர்வு. அவள் அம்மா நெனிதா, ஜீப்னி வண்டி நிலையத்தில் இபோஸ் விற்பவள். தென்னங்குருத்தில் பொதிந்து வேகவைத்த அந்த ஒட்டரிசிப் பலகாரத்தை விற்றுத்தான் மகளைப் படிக்கவைத்தாள். இப்போது வாங்க வருகிற ஒருவரையும் சும்மா விடுவதில்லை. "முச்சந்தியில பேனர் வருது, பாருங்க. என் மக."

நான் வரிசையில் நின்ற அந்தக் கடையில் பேனர் வடிவமைப்பவள் கிளோரிபெல். அவள் நாற்காலிக்குப் பின்னால் கபிதானின் ஆள் ரிக்கோ நின்றுகொண்டு, திரையை விரலால் குத்திக்கொண்டிருந்தான்.

"இந்தப் பொண்ணு படம் சாட்டுல வந்தது, மானோங். பெரிசாக்கினா முகம் கட்டங்கட்டமா உடையும்," என்றாள் கிளோரிபெல். (எங்கள் ஊரில் அண்ணன் 'மானோங்', அக்கா 'மானாங்', சின்னப் பெண் 'இந்தாய்', அம்மா 'நானாய்'.)

"பெரிசாக்கச் சொன்னது யாரு? கப்பைப் பெரிசாக்கு."

"கப் ஏற்கெனவே ஓரம் வரைக்கும் வந்துட்டார்."

"இன்னும் கொஞ்சம் தள்ளு. அப்படியே அந்தத் தாடையை ஒல்லியாக்கு."

நீளத்தையும் அகலத்தையும் பிணைக்கிற சங்கிலிக் குறியைக் கிளோரிபெல் கழற்றிவிட்டாள். கபிதான் மேல்நோக்கி நீண்டார்.

"ஆங்! இப்பத்தான் தலைவர் களை."

"கடிவாளம் ஒண்ணுதான் பாக்கி, மானோங்."

3

(கதை ஓடுகிற நேரத்தில் கட்டுரையா என்று கேட்பவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். கபிதானும் நீண்ட வாசிப்புக்கு எதிரிதான்.)

சின்னப் படத்தைப் பெரிதாக்கும்போது மென்பொருள், பக்கத்துப் பக்கத்தில் இருந்த புள்ளிகளை விலக்கி வைக்கிறது. நடுவில் வெற்றிடம். அங்கே என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. இந்தப் பக்கத்துப் புள்ளியைப் பார்க்கும், அந்தப் பக்கத்துப் புள்ளியைப் பார்க்கும், நடுவில் ஒன்றைத் தானே கற்பித்து உட்காரவைக்கும். எங்கள் பேட்டை வம்பு வளர்வதும் இப்படித்தான். நான் எழுதுவதும். ரோஸ்வியை நான் பார்த்தது வரிசை நகர்ந்த நேரம் மட்டும்.*

சிறிதாக்குவதற்குக் கற்பனை தேவையில்லை. தூக்கி எறிந்தால் போதும். எதை எறிவது என்று யாரையும் கேட்க வேண்டியதுமில்லை.

* அவள் கண்களில் கனல் தெரிந்தது என்று முதலில் எழுதியிருந்தேன். உண்மையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள்.

4

ரோஸ்வி நல்ல படம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். தெளிவானது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதது. ஆனால் திரையைப் பார்த்ததும் படத்தை மறந்துவிட்டாள். குதிரை முகத்துக்குக் கீழே பொன்னிற எழுத்தில் இருந்தது: 'கபிதான் எஃப்ரேனின் உதவியால் நர்ஸுக்குப் படித்த நம் பேட்டையின் பெருமை! வாழ்த்துகள்!' மூலையில் கட்டைவிரல் அகலத்தில் அவள்.

"இவர் எப்ப எனக்கு உதவினாரு?"

"கப் உதவி எல்லாருக்கும் உண்டு, இந்தாய்," என்றான் ரிக்கோ.

"உதவித்தொகைக்கு ஒரு கையெழுத்து கேட்டு வந்து நின்னேன். கப் சேவல் சண்டைக்குப் போயிருக்காருன்னு கதவைச் சாத்தினது நீங்கதானே?"

"பழசெல்லாம் எதுக்கு? கப் மனசுல உனக்குன்னு ஒரு இடம் இருக்கு."

"பார்த்தேன். மூலையில இருக்கு."

ரிக்கோ சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்குக் குச்சியில் சுட்ட கறி வாங்கப் போய்விட்டான். ரோஸ்வி மேசையோடு குனிந்தாள்.

"மானாங், இந்த வரியை எடுத்துடுங்க."

"வரியை எடுத்தா தேர்தல் ஆர்டர் மொத்தமும் போயிடும். முதலாளி என்னையும் சேர்த்து எடுத்துடுவாரு."

"அப்ப என்னை எடுங்க."

"உங்க நானாய் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாங்களே, இந்தாய்."

"அதான் எடுக்கச் சொல்றேன். அவங்க வித்த இபோஸ் எல்லாம் இந்த ஆள் வித்ததா ஆயிடும்."

5

முடிவு, முதல் வடிவம்: கிளோரிபெல் ரோஸ்வியின் படத்தை அரிசிமணி அளவாக்கி, ஆயிரக்கணக்கில் பதித்து, அவற்றாலேயே கபிதானின் முகத்தை உருவாக்குகிறாள். தூரத்திலிருந்து பார்த்தால் கபிதான். கிட்டே போனால் எங்கும் ரோஸ்வி. ஊரே திகைத்து—

இதைக் கிளோரிபெல்லிடம் படித்துக் காட்டினேன்.

"எழுத்தாளரே, நல்லாத் தூங்குறீங்களா? அந்த வேலைக்கு என் கம்ப்யூட்டர் புகை விட்டுடும். அன்னிக்கு எனக்கு ரெண்டு ஞானஸ்நானப் பேனர் வேற பாக்கி."

முடிவு, இரண்டாம் வடிவம் (இதுதான் நடந்தது): அவள் ரோஸ்வியை அழித்தாள். பெயரையும் அழித்தாள். மூலை காலியானது. ரிக்கோ கறிக்குச்சியோடு திரும்பி வந்து, திரையை உற்றுப் பார்த்து, போனில் படம் பிடித்துக் கபிதானுக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது.

"கப்புக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். இப்பத்தான் நெரிசல் இல்லாம இருக்குன்றாரு."

யாரையும் வாழ்த்தாத வாழ்த்துப் பேனர் அச்சாகி, முச்சந்தியில் ஏறியது. காலையில் அந்த வழியாக வந்த டிரைசைக்கிள்காரன் ஒருவன் கத்தினான்: "கப்! நர்ஸ் ஆயிட்டீங்களாமே! ஊசி எப்ப போடுறீங்க?" கபிதான் வாக்காளரைக் கண்ட மகிழ்ச்சியில் கையசைத்தார்.

இங்கே நிறுத்தியிருந்தால் நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். நானும்தான்.

6

நெனிதாவின் வீட்டுப் பக்கமிருந்து வந்தால் பேனரின் முதுகுதான் தெரியும். வெறும் வெள்ளை. அவள் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய உடையில், மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபடி வந்தாள். வழியெல்லாம் ரோஸ்வி சொல்ல வாயெடுத்தாள். (அம்மாவின் வேகம்தான் விடவில்லை என்று எழுதுகிறேன். தைரியம் வரவில்லை என்றும் எழுதலாம்.) நெனிதா தலைமுடியைச் சரிசெய்துகொண்டே பேனரைச் சுற்றி முன்னால் வந்து, நிமிர்ந்து பார்க்காமல், அதற்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். அங்கே நின்ற ஒருவரிடம் போனை நீட்டினாள்.

அந்த ஒருவர் நானில்லை. நான் அன்று அங்கே போகவில்லை. வாசகரே, நீங்கள்தான்.

"கொஞ்சம் எடுத்துக் குடுங்க. தள்ளி நின்னு எடுங்க, பேனர் முழுசா வரணும்."

"கிட்ட வாங்க," என்கிறாள் ரோஸ்வி, உங்களிடம். "நாங்க ரெண்டு பேரு மட்டும் போதும்."

"அடி போடி! பேனர் இல்லாம எதுக்குப் படம்? தள்ளிப் போங்க, இன்னும் தள்ளி."

"கிட்ட வாங்க."

நெனிதா சிரித்துவிட்டாள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் எடுங்கள்.