சோமசுந்தரத்துக்கு விழுந்த மூன்று ஓட்டு

கிள்ளான் தமிழர் தகவல் களஞ்சியத்தை நான்தான் தொகுத்தேன். 1999இல் ஆளாளுக்கு இணையத்தில் சொந்தப் பக்கம் தொடங்கி அளந்துகொண்டிருந்தார்கள். யாரை நம்புவது? என் விதி ஒன்றுதான். பெருமையடித்தால் தள்ளு, தன் வீட்டு மானம் போகிற மாதிரி எழுதினால் எடுத்துக்கொள். அதைப் போய் எவனாவது பொய்யாக எழுதுவானா?

காப்பார் ஊர்க்காரன் கண்ணப்பன் தன் பக்கத்தில் அப்பா சோமசுந்தரத்தின் சாதனைகள் என்று பதினெட்டு எழுதியிருந்தான். அத்தனையையும் தள்ளினேன். கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘சங்கத் தேர்தலில் அப்பாவுக்கு மூன்றே ஓட்டு. எங்கள் வீட்டிலேயே ஐந்து ஓட்டு.’ அதை மட்டும் அச்சிட்டேன்.

புத்தகம் வந்த மறுநாளே பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“தங்கரத்தினம் அங்கிள், அது ஒண்ணுதான் பொய்லா! படிக்கிறவங்க சிரிக்கட்டும்னு எழுதுனேன். அப்பா தேர்தல்ல நின்னதே இல்ல. மத்த பதினெட்டுக்கும் போட்டோ இருக்கு!”

நான் நாற்காலியில் சாய்ந்தேன். அவன் விடவில்லை.

“இப்ப சித்தப்பா வேற புத்தகத்தப் படிச்சிட்டு, ‘சத்தியமா நான் அண்ணனுக்குத்தான் ஓட்டு போட்டேன்’னு வீட்டுல வந்து அழுவுறாரு.”

நேரடிச் சாட்சியே கிடைத்துவிட்டது! நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

“சித்தப்பாவோட முழுப் பேரு என்ன?”