குருநகர் மூடியும் உடுவில் சட்டியும்

குருநகரில் தையல்கடை வைத்திருந்த ஜெனிற்றாவுக்கு நீலப் பீங்கான் என்றால் பைத்தியம். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய, வெள்ளையில் நீலப் படம் அச்சடித்த இங்கிலாந்துப் பீங்கான். பழைய சாமான் கடைகளைத் துழாவியும், இடிக்கப்போகிற வீட்டுக்காரரிடம் கேட்டு நின்றும் ஒரு அலுமாரி நிறையச் சேர்த்துவிட்டாள்.

"ஒண்டிலையாவது சோறு போட்டுத் தரமாட்டாய்" என்பான் கணவன் வின்சன்ற். அவன் நண்டுவலைத் தொழில் செய்கிறவன்.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர், ஒரு பெரிய சூப்புச் சட்டியின் மூடிதான். ஆறு, பாலம், தண்ணீர் குடிக்கும் மாடுகள். படத்தைப் பதிக்கப் பீங்கானில் சுற்றி ஒட்டிய அச்சுத்தாளின் இரண்டு நுனிகளும் சந்தித்த இடத்தில் ஒரு மாட்டுக்கு வால் இல்லை. சட்டி எங்கே போனதென்று தெரியாது. பார்த்துக்கொண்டே தைக்கலாமென்று மூடியைக் கடை மேசையில் வைத்திருந்தாள்.

ஒருநாள் உடுவிலிலிருந்து பாலேஸ்வரி என்ற பெண் சட்டை தைக்க வந்தாள். அளவெடுக்கக் கையைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள்.

"உந்த மூடி எங்கை எடுத்தனீங்கள்?"

"சுன்னாகத்திலை, ஒரு பழைய சாமான் கடையிலை."

"உதின்ரை சட்டி எங்கடை குசினியிலை கிடக்கு. நான் புளி போட்டு வைச்சிருக்கிறன்."

ஜெனிற்றாவுக்கு எடுத்த அளவெல்லாம் மறந்துபோயிற்று. திரும்ப முதலிலிருந்து எடுத்தாள்.

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு மூடியைத் துவாயில் சுற்றி, ஒரு பை நண்டும் எடுத்துக்கொண்டு உடுவிலுக்குப் பஸ் ஏறினாள். எப்படியாவது சட்டியைக் கேட்டு வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். பாலேஸ்வரி வேறொரு முடிவோடு காத்திருந்தாள்.

"தங்கச்சி, மூடியை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ. புளிக்கை எறும்பு போகுது."

"நான் சட்டியைக் கேக்க எல்லோ வந்தனான் அக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் இறங்கி வரவில்லை.

"முதல்லை பொருந்துதோ எண்டு பாப்பம்" என்றாள் பாலேஸ்வரி.

வைத்தபோது மூடி ஆடியது. மறுபக்கம் திருப்பி, இருவருமாக உள்ளங்கையால் அமர்த்தினார்கள். இறுக உட்கார்ந்துகொண்டது. மூடியிலிருந்த ஆறு சட்டியிலும் தொடர்ந்து ஓடுவதுபோல இருந்தது. பிறகு தூக்கிப் பார்த்தால் மூடி வரவில்லை. திருகினாலும் அசையவில்லை. பலமாக இழுத்தால் உடைந்துவிடும் என்று ஜெனிற்றா கையை எடுத்துவிட்டாள்.

"இப்ப நண்டுக்கறிக்குப் புளிக்கு எங்கை போறது?" என்றாள் பாலேஸ்வரி.

மாங்காய் போட்டுக் காய்ச்சினார்கள். கறி நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமானதும் ஜெனிற்றா வெறும் துவாயோடு வீட்டுக்கு வந்தாள்.

"சட்டி எடுக்கப் போய் மூடியையும் குடுத்திட்டு வந்திட்டாய்" என்று வின்சன்ற் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அடுத்த ஞாயிறு உறுதியான தையல்நூலோடு போனாள். விளிம்பைச் சுற்றித் தேங்காயெண்ணெய் விட்டு, ஊறியதும் நூலை இடுக்குக்குள் மெல்ல மெல்ல நுழைத்து, தையல் பிரிக்கிற அதே பொறுமையோடு சுற்றிவர இழுத்தாள். பாலேஸ்வரி சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூடி கழன்று கையில் வந்தது. புளிவாசம் குப்பென்று எழுந்தது.

ஜெனிற்றா துவாயை விரித்தாள். மூடியைச் சுற்றப் போனவள் சட்டியைப் பார்த்தாள். அது மொட்டையாகத் தெரிந்தது. தன் கடை மேசையில் இந்த மூடி இத்தனை காலமும் இப்படித்தானே இருந்தது என்று நினைத்தாள். தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"இது இஞ்சையே இருக்கட்டும் அக்கா. ஆனா அமத்திப் போடாதையுங்கோ."

பாலேஸ்வரி மூடியை வாங்கித் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

குருநகர்க் கோயில் பெருநாளன்று ஜெனிற்றா வீட்டு வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. மடியில் சட்டியும் மூடியுமாகப் பாலேஸ்வரி இறங்கினாள்.

"புளியைப் போத்திலுக்கை மாத்திப்போட்டன்" என்றாள். "பெருநாளுக்குப் பெருநாள் இது உங்களிட்டை வரும். மிச்ச நாள் என்னோடை."

அன்று வின்சன்ற் பிடித்த நண்டும் இறாலும் போட்டு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் ஆவி பறக்க அந்தச் சட்டிக்குள் வந்தது. வின்சன்ற் தன் கிண்ணத்தை மூன்றாம் தரமும் நீட்டினான்.

"இந்தச் சட்டியை இதுக்கெண்டுதான் செய்திருக்கிறாங்கள்" என்றான்.