குட்டிக் காரின் எடை

என் தங்கை வீட்டுக்காரர் தன் காரை உருளைகள் மேல் ஏற்றியபோதே என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மாப்ளே, வண்டி ஓடுமா, இல்ல தள்ளணுமா?"

அவர் சிரித்தார். வண்டிகளின் சக்தியை அளக்கும் டைனோ மேடை என் பொறுப்பு. சக்கரங்கள் உருளைகளைச் சுழற்றும். உருளை எவ்வளவு பாரம் கொடுக்க வேண்டும் என்பதற்கு, வண்டியின் எடையை நான் கணினியில் போட வேண்டும். மாப்பிள்ளையோ புத்தகமும் வீடியோவும் பார்த்து, எஞ்சின் சக்தியைக் கூட்டும் டியூனிங் கற்றவர். டர்போ மாட்டி, மாதக்கணக்கில் நோண்டிய கார் அது. இருநூறு குதிரைசக்தி காட்டினால் தன் பந்தய அணியில் வேலை தருவதாகச் சொன்னவர் பக்கத்திலேயே நின்றார்.

இரண்டு முறை முழு வேகத்தில் ஓட்டினேன். நூற்று எண்பதைத் தாண்டவில்லை. அணிக்காரர் கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் அதோடு விட்டிருக்கலாம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மாப்ளே" என்றேன்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காரைக் கட்டியிருந்த பட்டைகளை அவிழ்த்தார்.

மதியம் ஒரு வேன் வந்தது. எடையை மாற்றப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் முதலில் அளந்த குட்டிக் காரின் எடைதான் இன்னும் இருந்தது. மாப்பிள்ளையின் கார் அதைவிட அரை டன் அதிகம். எடையைக் குறைத்துப் போட்டால் உருளை லேசாகச் சுற்றிவிடும். டர்போ எஞ்சினுக்குள் முழுதாகக் காற்றை அடைப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். எண் குறையத்தான் செய்யும். அவர் வேலையில் குறையே இல்லை.

வேன்காரரை உட்காரச் சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை டர்போவைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். எப்போதும் "வாண்ணா" என்று எழுந்து வரும் தங்கை வாசற்படியை விட்டு அசையவில்லை.

"மாப்ளே, தப்பு என்னுது. எடையை மாத்தாம விட்டுட்டேன். அந்த ஆள்கிட்ட நானே பேசறேன். மறுபடி அளக்கலாம்."

"தெரியும் மச்சான்" என்றார், எண்ணெய்க் கையைத் துடைத்தபடி. "அளக்கும்போதே திரையில பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"வேணும்னே போட்டீங்கன்னு நினைச்சேன். அணிக்காரர் முன்னாடி கேட்டா உங்களுக்கு அசிங்கம். இவளுக்கும் கஷ்டம்."

"சத்தியமா மறந்துட்டேன் மாப்ளே! உங்களுக்குப் போய் அப்படிச் செய்வேனா?"

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தங்கைதான் விடவில்லை.

"அண்ணா, வேற யார் வண்டியாவது எண் குறைஞ்சு வந்தா முதல்ல எதைப் பாப்பே?"

இதே வீட்டில் உட்கார்ந்து எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

"எடையைத்தான்" என்றேன்.

"அப்ப இன்னிக்கு ஏன் பாக்கல?"

அந்த நூற்று எண்பதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?