புள்ளி இரண்டு ஒன்று

பேரிங் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அளவில் ஒரு நூல் பிசகினாலும் சிவப்புப் பொட்டு வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாகத் தரப் பரிசோதனை மேஜை அவளுடையது. லேத்காரர்கள் தட்டில் நல்ல வளையங்களாகப் பார்த்து மேலே அடுக்கி, "இதைப் பாருங்க நூலக்கா" என்று பல்லைக் காட்டுவார்கள். அதை அவள் தொடவே மாட்டாள். தட்டின் அடியில் கையை விட்டு ஒன்றை உருவுவாள். மறைக்க வேண்டியதை யாரும் மேலே வைப்பதில்லை என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் பதினோரு மாதமாக ஓர் இண்டெக்ஸ் ஃபண்டைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திண்டாடினாள். அம்மா காலமானபின் அவள் வீட்டை விற்றதில் அவளுக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு லட்சம் வந்திருந்தது. தம்பி தன் பங்கை உடனே போட்டுவிட்டான். இவள் பங்கு சேமிப்புக் கணக்கில் நிம்மதியாகத் தூங்கியது. இவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

அவள் பார்த்த எல்லா ஃபண்டும் சந்தையின் அதே ஐம்பது பெரிய கம்பெனிகளைத்தான் வாங்கி வைக்கின்றன. வித்தியாசமெல்லாம் வருஷா வருஷம் நம் பணத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் செலவு விகிதத்தில்தான். ஒன்றில் நூற்றுக்குப் புள்ளி இரண்டு ஒன்று. இன்னொன்றில் புள்ளி ஒன்று ஒன்பது. மூன்றாவது புள்ளி ஒன்று ஏழு, ஆனால் போன மாதம்தான் குறைத்திருக்கிறார்கள், நாளைக்கே ஏற்றிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நோட்டில் எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள்.

"பதினோரு மாசம் சும்மா கெடந்ததுல போனது, இந்தப் புள்ளியில நீ முப்பது வருஷம் மிச்சம் புடிச்சாலும் திரும்பி வராது" என்றார் பஸ் ஓட்டும் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

அது அவளுக்குத் தெரியாதா என்ன? அவளை அரித்தது வேறு. ஃபண்டு விற்கும் ஏஜெண்டான தம்பி அவளுக்கு நிரப்பிக் கொடுத்த படிவம், அந்தப் புள்ளி இரண்டு ஒன்று ஃபண்டுடையதுதான். ஆனால் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளான் இல்லை, ஏஜெண்ட் வழியாக வாங்கும் ரெகுலர் பிளான். செலவு விகிதம் ஒன்று புள்ளி பூஜ்யம் ஐந்து. அதே ஐம்பது கம்பெனிதான். கூடுதலாகப் போவதில் பெரும்பங்கு அவன் கமிஷன். முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருவன். கேட்டால் அவன் போவான், கேட்காவிட்டால் பணம் போகும்.

பணம் போகக் கூடாது. ஏனென்றால் இரண்டு மாதமாகக் கண் மங்குகிறது. எதை உற்றுப் பார்க்கிறாளோ சரியாக அந்த இடத்தில் ஒரு கறை. கண்ணாடி உதவாது, இந்தப் பார்வையை வைத்து ஐந்தாறு வருஷம் வேலையை ஓட்டலாம் என்றார் டாக்டர். பெரிய எண் காட்டும் கருவியை வைத்து வேலையை ஒப்பேற்றினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. நோட்டில் தானே எழுதியது ஏழா ஒன்றா என்பதே இப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கால் தானாகத் தம்பியின் அலுவலகத்துக்கு நடந்தது. நகல் கடைக்கு மேலே ஒற்றை அறை.

"வாக்கா. ஒரு வழியா மனசு வந்துச்சா? ஃபாரம் ரெடி, கையெழுத்து போட்டா போதும்."

அவன் நீட்டிய காகிதத்தை அவள் தொடவில்லை.

"அதை வைடா. உன் பங்கை எதுல போட்ட? அந்தக் காகிதத்தைக் காட்டு."

"அதே ஃபண்டுதான்க்கா."

"காட்டுன்னா காட்டு."

தம்பி மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தான். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். எண்கள் கரைந்துபோயின. தலைப்பில் தடித்த எழுத்தில் இருந்த 'டைரக்ட்' மட்டும் தெரிந்தது.

"உனக்கு டைரக்ட், எனக்கு ரெகுலரா?"

"இந்த ரூம் வாடகையே உன்னை மாதிரி நாலு பேராலதான்க்கா ஓடுது. உன்கிட்ட வாய்விட்டுக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

"என்கிட்டருந்து வருஷத்துக்கு எவ்வளவு போகும்?"

"கூடுதலா ஒரு பத்தாயிரம்."

"கையை நீட்டிக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

எழுந்தாள். படிக்கட்டு வரை போனாள். அங்கேயே சற்று நின்றுவிட்டுத் திரும்பி வந்து கைப்பேசியை அவன் முன் வைத்தாள்.

"டைரக்ட்ல போட்டுக் குடு."

"அதுக்கு நான் எதுக்குக்கா? நீயே போடலாம், ரெண்டு நிமிஷ வேலை."

"எனக்கு எழுத்து தெரியலடா" என்றாள் எரிச்சலாக. "ரெண்டு மாசமா தெரியல."

அவன் அப்போதுதான் தலைநிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான். கைப்பேசியை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினான்.

"செலவு விகிதம் என்ன போட்டிருக்கு?"

"புள்ளி ரெண்டு ஒன்னு."

அடியில் கையை விட்டுப் பார்க்க அந்தக் கண்ணாடித் திரையில் வழியில்லை. அவன் சொல்வதுதான் அளவு.

"இன்னொரு தடவை படி."

ஒவ்வோர் இலக்கமாக, மெதுவாகப் படித்தான்.

"சரி, போடு" என்றாள்.