வாரத்து மாடு

தொழுவ வேலிக்கு வெளியே நின்றபடி பொனோலோ செவலைக் காளையைக் கைநீட்டிக் காட்டினாள். துக்கத்தில் இருக்கும் பெண் உள்ளே கால் வைத்தால் மாடு சினை பிடிக்காது என்பார்கள். கயிறோடு உள்ளே நின்ற அண்ணன் மொத்துசி அதை விட்டுவிட்டு ஒரு கிழட்டு வெள்ளையைப் பிடித்தான். சாவுச் சோற்றுக்கு இது போதும், செவலைக்கு நல்ல விலை வரும் என்றான்.

அவர்களுடைய அப்பா, ஒதிரிலே என்பவர், செவ்வாயன்று இறந்தார். நாளை சனிக்கிழமை விடியலில் அடக்கம். அடுத்தவர் மாட்டை லோபாட்சே கசாப்புக்கூடம் வரை நடத்திப் போய் ஆளானவர். பிறகு சொந்த லாரி, ஐந்நூறு மாடு, கடைசியில் முதல் பிரிவில் ஆடும் கால்பந்து அணி. ஆட்டக்காரனை எடுக்கும்போதும் மாட்டுக்கண்தான். மைதானத்தில் ஒரு சுற்று நடக்கவிட்டு, குதிகாலைப் பார்த்து விலை சொல்வார். கோல்கீப்பர் விஷயத்தில் மட்டும் இரண்டு முறை ஏமாந்தார். மாட்டுக்குக் கை கிடையாதே.

பதினொரு வருடமாக அந்த அணியை நடத்தியவள் பொனோலோ. மொத்துசி ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. தலைநகரில் ஒரு கம்பெனி அதை வாங்கிக்கொண்டு போகக் காத்திருந்தது. அவனும் கொடுத்துவிடத் தயாராக இருந்தான்.

மாடு மூத்த மகனுக்கு, வீடு கடைக்குட்டிக்கு. இதுதான் வழக்கம். அணி மாடா, வீடா? மாடு விற்று வாங்கியது மாடுதானே என்றான் மொத்துசி. ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்றாள் கடைக்குட்டி பொனோலோ. தீர்த்து வைக்க வேண்டிய மொலெஃபி சித்தப்பா மூக்குப்பொடி போட்டு, நிதானமாகத் தும்மி முடித்துவிட்டு வேலியோரம் வந்தார்.

"அணிய உன் கையில குடுத்தப்ப அப்பன் என்னம்மா சொன்னான்?"

அன்று உடன் வேறு யாரும் இல்லை. என்ன சொன்னாலும் எடுபடும்.

"பாத்துக்கன்னாரு."

"உனக்குத்தான்னு சொல்லலையா?"

வெள்ளைக் காளை கயிற்றை இழுத்துப் பார்த்தது.

"இல்ல, சித்தப்பா."

"அப்ப அது வாரத்துக்கு விட்ட மாடு. பால் குடிச்சது நீ. மாடு அண்ணனோடது."

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. ஆத்திரம் வந்தது. அண்ணன் மேல் இல்லை, அப்பா மேல். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும்?

வாரத்துக்கு வளர்த்தவளுக்கு ஒரு கன்று உண்டு, அவளே பொறுக்கிக்கொள்ளலாம், அண்ணன் மறுக்கக் கூடாது என்றார் சித்தப்பா. மொத்துசிக்குப் பெரிய நிம்மதி. அணியின் பஸ்ஸை எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

"பொண்ணுங்க டீம்," என்றாள் பொனோலோ.

தொழுவத்தில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் அணி இல்லாவிட்டால் முதல் பிரிவில் இடம் இல்லை என்று விதி வந்ததால் அப்பா பேருக்குச் சேர்த்து வைத்த பதினாறு பெண்கள் அவர்கள். அவர்கள் ஆட்டத்துக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. சொத்துக் கணக்கில் அவர்களை யாரும் சேர்த்திருக்கவும் இல்லை; வாங்கும் கம்பெனிக்குச் சொந்தமாகவே ஒரு பெண்கள் அணி இருந்தது.

"அதுங்களுக்கு ஒழுங்கா பூட்ஸ்கூடக் கெடையாது, பொனோலோ."

"கன்னு கேட்டேன். குடுங்கண்ணே."

சனிக்கிழமை விடியலில் ஆண்கள் அணி பெட்டியைத் தூக்கிப் போய் அடக்கம் முடிந்தது. திரும்பி வந்து, சாவு வீட்டு வழக்கப்படி உப்பில்லாமல் வெந்த இறைச்சிக்காக வரிசையில் நின்றார்கள். பலர் கைப்பேசியில் தலைநகரில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் அணி வீட்டுக்குப் பின்னால், இரும்புப் பானைகளுக்குப் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தது. பொனோலோ தலைவி டினேயோவின் அருகில் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து அந்த மைதானம் கிடையாது, பஸ்ஸும் கிடையாது என்றாள்.

டினேயோ நறுக்குவதை நிறுத்தவில்லை. "இப்ப எங்களுக்கு ஓனர் யாரு, அக்கா?"

"நான்தான்."

"அப்ப பயிற்சி எத்தன மணிக்கு?"

பொனோலோ புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டினேயோ அவள் பக்கம் பார்க்காமலே, வெங்காயம்தான் காரணம் என்பதுபோலக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.