முன்சக்கர ஆட்டம்

சௌடப்பனின் ஜீப் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அங்கே இருப்பவர்களின் பற்கள் ஆடத் தொடங்கும். 1947இல் அருப்புக்கோட்டையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அது பற்களோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கதவுக் கீல், மாட்டுக் கயிற்றின் முடிச்சு, சேலைக் கொசுவம், தறியில் ஏற்றிய பாவு நூல் என்று இறுக்கமாக இருந்த எல்லாமே தளர்ந்தன. வண்டி கடந்து போனபின் பல்லும் கீலும் தாமாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அதற்குள் மாடுகள் பஜார் வரை போயிருக்கும். கிணற்றடியில் வெகுநாளாகச் சண்டை போட்டுவந்த இரண்டு பெண்கள், ஜீப் போனதும் சண்டை எதற்கென்றே மறந்து, ஒருத்தி குடத்தை மற்றவள் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வண்டியின் முன்சக்கரங்கள். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட ஜீப் அது. எந்தெந்தக் காட்டிலும் மலையிலும் அடிபட்டதோ, கொஞ்சம் வேகமெடுத்தால் முன்சக்கரம் இரண்டும் சாமி வந்தவர்களின் தலையைப் போல ஆடும். நூல் வியாபாரி சௌடப்பன் அதை மதுரையில் ஏலத்தில் எடுத்தது ஆடம்பரத்துக்காக அல்ல. முந்தைய ஐப்பசியில் அவர் மனைவி வெங்கடலட்சுமியைத் திருச்சுழிக்கு அப்பால் இருந்த தாய் வீட்டிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த மாட்டு வண்டி கரிசல் சகதியில் புதைந்தது. தலைப்பிள்ளை வழியிலேயே இறந்து பிறந்தது. அவள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே சௌடப்பன் மதுரைக்குப் போய்ச் சகதிக்கு அஞ்சாத இந்த வண்டியோடு வந்து நின்றார்.

மருத்துவச்சி ராக்கம்மாள் வண்டியைப் பார்த்ததுமே ஆடுகிற கடைவாய்ப் பல்லைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு முடிச்செல்லாம் அவுக்குற வண்டியில புள்ளத்தாச்சிய ஏத்துவீகளா? வயித்துல புள்ள தங்காது. மொதல்ல ஆட்டத்த நிப்பாட்டுங்க, பெறகு பேசுவோம்" என்றாள்.

சௌடப்பன் வீரசோழன் ஊருக்கு ஆள் அனுப்பி ஹபீப் ரகுமானை வரவழைத்தார். ரங்கூனில் லாரி ஓட்டியவர்; குண்டு விழுந்தபோது லாரியை விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அவர் ஜீப்பின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிக் கருங்கல் முட்டுக் கொடுத்தபோது, நெசவாளர் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அத்தனை ஆண்களும் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள்.

"செட்டியாரே, சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. கடக்குனு சத்தம் கேக்குதா? அது உள்ள இருக்குற பேரிங்கு. இப்ப ரெண்டு பக்கமும் புடிச்சு ஆட்டுங்க. இதுலயும் கேக்குதுல்ல? அது ரெண்டு சக்கரத்தையும் சேக்குற குறுக்குக் கம்பி. முனை தேஞ்சு கெடக்கு. ஒரு ஒடம்புல ரெண்டு சீக்கு" என்றார் ஹபீப்.

சீக்குக்குப் பெயர் கிடைத்ததில் தெருவுக்கே தலைகால் புரியவில்லை. குறுக்குக் கம்பிக்கு மதுரையிலிருந்து புது முனைகள் வந்தன. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க ஹபீப் அளவுகோல் கேட்டார். தெருக்காரர்கள் பாவு நூலையே இழுத்துப் பிடித்தார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒரு மயிரிழை குறுகலாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். நூல் பிடித்தவர்கள் ஒரே குரலில், "இருக்கு பாய்!" என்று கத்தினார்கள்.

பேரிங்கை இறுக்குவது மட்டும் மிச்சம் இருந்தபோது ஹபீப் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. பாவை விறைப்பாக இழுத்துக் கட்டுவதையே பிறவிக் கடமையாகச் செய்துவந்த கூட்டம் அது. கண்ணெதிரே ஒன்று தொய்ந்து கிடந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. சௌடப்பன் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகினார். அதன் மறுமுனையில் தெருவே தொங்கியது. இனி ஒரு இம்மிகூட நகராது என்கிற அளவுக்குப் பேரிங்கைப் பிடித்திருந்த மரையை முறுக்கிவிட்டு, எல்லாரும் கைதட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

அன்று அருப்புக்கோட்டையே இறுகியது. சாத்திய கதவு திறக்கவில்லை. மாட்டு மடியிலிருந்து ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. நாவிதரின் கத்தரிக்கோல் ஒருவர் மீசையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. கொட்டாவி விடத் திறந்த வாய்கள் மூடவில்லை. பந்தல்குடி சாலையில் பாதி தூரம் போவதற்குள் இரண்டு சக்கரங்களின் நடுவிலிருந்தும் புகை கிளம்பியது.

திரும்பி வந்த ஹபீப் தலையில் அடித்துக்கொண்டார். "இறுக்குனா போதுமா? சக்கரம் சுத்த வேணாமா? நல்லா இறுக்கிட்டு, கால் சுத்துத் திருப்பி விடணும். மேக்காத்து அடிக்கிறப்ப அறுந்துரும்னு பாவு நூலக் கொஞ்சம் தளத்துவீகள்ல, அது மாதிரிதான்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்று சௌடப்பன் அவரிடம் தமிழிலும், ஜீப்பிடம் வீட்டில் பேசும் கன்னடத்திலும் சண்டை போட்டார். கருகிப்போன பேரிங்குகள் மாற்றப்பட்டன. மரையை இறுக்கி, கால் சுற்றுத் திருப்பி, அது நகராதபடி வாஷரை மடக்கி விட்டதும் சக்கரம் ஒரு விரல் தள்ளலுக்குச் சத்தமில்லாமல் சுற்றி நின்றது. ஊரில் பல்லும் ஆடவில்லை, வாயும் இறுகவில்லை. ராக்கம்மாள் வண்டியைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னாள். சௌடப்பன் வேட்டியில் கிரீஸோடு தெருவில் ஆடியதை அந்தத் தெரு நெடுநாள் பேசியது.

ஐப்பசியில் வெங்கடலட்சுமிக்கு வலி கண்டது. தாய் வீட்டுக்காரர்கள் இந்த முறையும் மகளை அழைத்துப் போயிருந்தார்கள். சௌடப்பன் ஹபீபையும் ராக்கம்மாளையும் ஏற்றிக்கொண்டு குண்டாற்றைத் தாண்டி அந்தக் கரை ஏறிய கையோடு, பின்னால் வெள்ளம் வந்து வழியை அடைத்தது. இனி ஜீப் என்ன, யானைகூட ஆற்றில் இறங்க முடியாது. ஆஸ்பத்திரி அவர்கள் விட்டுவந்த கரையில் நின்றது. தாய் வீட்டை அடைந்தபோது உள்ளே வெங்கடலட்சுமியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

பிள்ளை இறங்க மறுத்தால் வீட்டில் உள்ள முடிச்சையெல்லாம் அவிழ்ப்பது வழக்கம். கூந்தலை அவிழ்த்தார்கள், பெட்டிகளையும் கதவுகளையும் திறந்தார்கள், மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். எதுவும் பலிக்கவில்லை. ராக்கம்மாள் ரத்தக் கையோடு வாசலுக்கு வந்து ஜீப்பைப் பார்த்தாள். பிறகு சௌடப்பனைப் பார்த்தாள்.

"அந்த ஆட்டத்தத் திரும்பக் கொண்டாங்க!"

எத்தனை மாதப் பாடு அது! சௌடப்பன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கொட்டும் மழையில் சகதியில் படுத்து, மடக்கிய வாஷரை நிமிர்த்தி, மரையைத் திருப்பினார். "எம்புட்டு பாய்?" என்று கத்தினார். "கேக்காதீக, கழலாத வரைக்கும் திருப்புங்க!" என்று ஹபீப் பதிலுக்குக் கத்தினார். வண்டி வீட்டைச் சுற்றத் தொடங்கியது. முதல் சுற்றில் கூரையின் கயிறுகள் தளர்ந்தன. அடுத்த சுற்றில் தறியின் பாவு முழுவதும் சரிந்து தரையில் கிடந்தது. ஹபீபின் கைலி அவிழ்ந்தது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டினார். ஊரில் நேராக நின்ற வேலி ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சௌடப்பனின் முன்பல் தெறித்து மடியில் விழுந்த அதே நேரத்தில் உள்ளே பிள்ளை வீறிட்டது. பெண். ராக்கம்மாள் அதைத் தூக்கிக் காட்டியபோது அவர் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டே அழுதார். வெங்கடலட்சுமி கண்ணைத் திறந்து, வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

அதன்பிறகு அந்த ஜீப்புக்கு இரண்டு வேலை. நூல் மூட்டை ஏற்றும் நாட்களில் மரை அதன் அளவில் இறுகியிருக்கும். வீரசோழனிலோ திருச்சுழியிலோ ஒரு பிரசவம் கஷ்டப்படுகிறது என்று ஆள் வந்தால், ஹபீப் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே குனிவார். ஆடும் சக்கரங்களின் சத்தம் தெருமுனையில் கேட்டதும், பல் ஆடுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மாடு வைத்திருப்பவர்கள் இன்னொரு முடிச்சுப் போடுவார்கள். பிறகு யார் வீட்டுக்கு என்று விசாரித்துவிட்டு, தங்கள் வாசல் கதவுகளையும் திறந்து வைப்பார்கள்.