உடும்புப் படம்

கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிங்கண்ணா என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், படத்தில் வால் மட்டும்தான் விழுந்திருக்கும். வாலை வைத்து யாரையும் பிடித்துக்கொண்டு போக முடியுமா?

கோர்ட் வாசல் மரத்தடியில் நின்று நிகத் இதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். படப்பைப் பக்கத்து ஏரிக்கரையில் இருளர்கள் காலங்காலமாகக் குடியிருக்கிறார்கள். ஏரியில் மண் கொட்ட வந்த கம்பெனியோ அங்கே ஆளே இல்லை என்றது. இருக்கிறார்கள் என்று காட்டத்தான் அவள் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்தாள். அவளும் சம்பத்தும் ஆர்க்குட்டில் நடத்தும் குழுவில், கையில் உடும்போடு சிரிக்கும் இருளர் சின்னதம்பியைத்தான் எல்லோருக்கும் பிடித்துப்போனது. "இத்தல்லாம் காட்டக்கூடாது பாப்பா" என்று அவர் தயங்கியபோது, "எங்க ஃபிரெண்ட்ஸ்தான் பாப்பாங்கண்ணா" என்று சொன்னவள் அவள். உடும்பு பிடிப்பது குற்றம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. படம் காட்டிலாகா வரைக்கும் போய், அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்றும் ஜாமீன் கிடைக்கவில்லை. சின்னதம்பியின் மனைவி தனம் வந்து வேரில் உட்கார்ந்தாள்.

"உன் படத்த எவனோ திருடிக் குட்த்துட்டான் பாப்பா. பேப்பர்ல அடிச்சி எடுத்துகினு வந்தானுங்க. இன்னா சிரிப்பு சிரிக்கிறாரு தெரியுமா? என்னக் கட்டிக்கினப்பகூட அப்டி சிரிக்கல அந்தாளு."

"யாரும் திருடலக்கா. எல்லாரும் பாக்கிற மாதிரி நான்தான் போட்டேன்."

தனம் எழுந்து போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள்.

"அதுக்கின்னா. எங்களுக்கோசரந்தான போட்ட."

திட்டியிருந்தால் நிகத்துக்கு மூச்சு விட முடிந்திருக்கும்.

செல்போன் அடித்தது. சம்பத்.

"நிகத், குழுவுல எல்லாரும் கொதிக்கிறாங்க. அந்தம்மா கோர்ட் வாசல்ல அழற மாதிரி ஒரே ஒரு ஃபோட்டோ எடு. பிரஸ்காரங்களே தேடி வருவாங்க. அப்புறம் ஜாமீன் தானா கிடைக்கும்."

கிடைத்தாலும் கிடைக்கும். அதுதான் அவளை வதைத்தது.

சம்பத்தின் குரல் தனத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளிச்சத்தின் பக்கம் திரும்பினாள்.

"அழணுமா பாப்பா? இப்ப வரமாட்டேன்னுது. செத்த இரு, வந்துரும்."

"வேணாங்க்கா" என்றாள் நிகத். பிறகு போனில், "நான் எடுக்கல, சம்பத்" என்று மெதுவாகச் சொன்னாள்.